மீசான் கல்லும் மூத்தோர் சொல்லும்
முன்னோரைத் தேடும் நூல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

தம் முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர், எந்த மண்ணில் அடங்கியுள்ளனர் என்று அறிய விழையும் வேட்கை மனித இயல்பில் ஆழமாக வேரூன்றியது. அவ்வேட்கைக்குப் பெரும்பாலும் இரண்டு சான்றுகளே கைகொடுக்கின்றன. ஒன்று, மையவாடியும் அதைச் சார்ந்த பதிவுகளும். மற்றொன்று, குடும்பத்து மூத்தோரின் நினைவில் தங்கியிருக்கும் செய்திகள். கல் பேசாது, ஆனால் மாறாது. நினைவு பேசும், ஆனால் பேசும்தோறும் சிறிது மாறும். இவ்விரண்டையும் கொண்டு வம்சாவளி தேடிய நூல்களுள் உலகப் புகழ்பெற்ற இரண்டை எடுத்துக்கொண்டு, அவை சான்றுகளைக் கையாண்ட முறையை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் ஒன்று எங்செங் ஹோ 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கிரேவ்ஸ் ஆஃப் தரீம்’. மற்றது அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’. 1976இல் வெளிவந்த பின்னது ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் தமிழிலும் பலரால் படிக்கப்பட்டது.

நூல்களுக்குள் புகுமுன், இவ்விஷயத்தில் நமது மரபு வகுத்துத் தந்த அளவுகோலை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

மார்க்கத்தின் நிலைப்பாடு

வம்சத்தை அறிதல் குறித்து இஸ்லாம் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. உறவினரோடு இணங்கி வாழ்வதற்குத் தேவையான அளவு வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாகத் திர்மிதீயில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. எவருடைய செயல் அவரைப் பின்தங்கச் செய்கிறதோ அவரை வம்சம் முன்னுக்குக் கொண்டுவராது என்ற எச்சரிக்கையும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அறிவதற்குத் தடையில்லை, பெருமையடிப்பதற்கே தடை.

‘அத்தகாஸுர்’ அத்தியாயத்திற்கு முஃபஸ்ஸிர்கள் தரும் பின்னணிகளுள் ஒன்று இங்கு மிகவும் பொருந்துகிறது. குறைஷியரில் இரு கிளையினர் தத்தம் ஆள் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை பேசினர். உயிருடன் இருப்போரை எண்ணி முடித்ததும் மண்ணறைகளுக்குச் சென்று மாண்டோரையும் எண்ணத் தொடங்கினர் என்பது அந்தச் செய்தி. மையவாடியை வம்சப் பெருமையின் கணக்கேடாக மாற்றிய முதல் நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிராக நிற்பது உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களின் கப்று பற்றிய செய்தி. முஹாஜிர்களுள் முதலாவதாக ஜன்னத்துல் பகீயில் அடக்கப்பட்டவர் அவர். நபியவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவருமாறு ஒருவரிடம் கூறினார்கள். அவரால் அதைத் தூக்க இயலவில்லை. நபியவர்களே கைகளை மடக்கிக்கொண்டு அதைச் சுமந்துவந்து தலைமாட்டில் வைத்து, தம் சகோதரரின் கப்றை இதனால் அறிந்துகொள்ளலாம், தம் குடும்பத்தாரில் இறப்போரை இதன் அருகே அடக்கலாம் என்று காரணம் சொன்னதாக அபூதாவூதில் காண்கிறோம். நம் ஊர்களில் மீசான் கல் நடும் வழக்கம் சார்ந்திருப்பது இந்த முன்மாதிரியையே. அக்கல்லில் எழுத்து இல்லை, புகழுரை இல்லை. அடையாளமும் உறவும் மட்டுமே அதன் பொருள்.

கப்றின் மீது எழுதுவது பற்றிய கருத்து வேறுபாடும் அறியத்தக்கது. எழுதுவதைத் தடுக்கும் அறிவிப்பு ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயில் வந்துள்ளது. ஆயினும் இமாம் ஹாகிம், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் நிலையைச் சுட்டி, கிழக்கிலும் மேற்கிலும் முஸ்லிம்களின் இமாம்களுடைய கப்றுகளில் எழுத்து இருக்கிறது, பின்னோர் முன்னோரிடமிருந்து பெற்ற வழக்கம் அது என்றார். அந்தத் தடை எட்டாதவர்கள் பின்னாளில் புகுத்தியதே இது என்று இமாம் தஹபீ அதனை மறுத்தார். ஆக, இன்று ஆய்வாளர் ஆவலோடு படிக்கும் ஒவ்வொரு கப்றுக் கல்வெட்டும் ஒரு சட்ட விவாதத்தின் நிழலில் பிறந்தது. எழுத்தில்லாத கப்றுகள் மிகுந்திருப்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று, பேணுதலும் காரணம். இதனை உணராமல் நம் மையவாடிகளில் சான்று தேடுபவர் இல்லாமையைப் பிழையாகப் படித்துவிடுவார்.

தரீமின் கப்றுகள்

எங்செங் ஹோ பினாங்கில் பிறந்த மானிடவியலாளர். யமன் நாட்டின் ஹள்ரமௌத் பள்ளத்தாக்கிலிருந்து மலபார், குஜராத், ஜாவா, கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல கரைகளுக்குச் சென்ற அலவி ஸாதாத்துகளைப் பற்றியது அவரது நூல். பஸராவிலிருந்து ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஹள்ரமௌத் வந்த அஹ்மத் இப்னு ஈஸா அல்முஹாஜிர், ஹிஜ்ரி 653இல் மறைந்த அல்ஃபகீஹுல் முகத்தம், ஏடன் நகரில் ஹிஜ்ரி 914இல் மறைந்த அபூபக்ர் அல்ஐதரூஸ் ஆகியோர் இவ்வரலாற்றின் தூண்கள். மலபாரின் மம்புறம் ஸெய்யித் அலவி தங்ஙள் தரீமிலிருந்து வந்தவர். அவருடைய மகன் ஸெய்யித் ஃபள்ல் 1852இல் ஆங்கிலேயரால் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டார். எனவே இந்நூல் நமக்குத் தொலைவான கதையன்று.

நூலின் முதற்பகுதி அடக்கத்தையும், இரண்டாம் பகுதி வம்சாவளியின் பயணத்தையும், மூன்றாம் பகுதி திரும்புதலையும் பேசுகின்றன. 1994ஆம் ஆண்டு உள்நாட்டுப் போருக்குப் பின் ஏடனில் ஐதரூஸ் அவர்களின் அடக்கத்தலம் தாக்கப்பட்ட செய்தியோடு நூல் தொடங்குகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் கப்று ஏன் இன்னும் சிலருக்கு அச்சத்தையும் பலருக்கு அன்பையும் தருகிறது என்பதே ஆசிரியர் எழுப்பும் கேள்வி.

கப்றைத் தனித்த ஒரு கல்லாக அவர் பார்க்கவில்லை. கல், அதில் உள்ள பெயர், அப்பெயரைத் தாங்கிய நூல், அதனருகே நின்று ஸலாம் சொல்லும் ஸியாரத்காரர் ஆகிய அனைத்தும் கூடிய ஒரு முழுமையாக அதனைக் காண்கிறார். தரீமின் ஸன்பல் மையவாடியில் ஸியாரத் ஒரு வரிசைப்படி நடைபெறுகிறது. அவ்வரிசையில் நடப்பவர் கால்களாலேயே வம்சாவளியைப் படித்துவிடுகிறார். கடல் கடந்து பிறந்த பேரப்பிள்ளை முதல்முறை தரீம் வரும்போது முன்பின் அறியாத முன்னோரைக் கப்று வழியாகச் சந்திக்கிறார். ஊரைவிட்டுச் சென்றோரும் உலகைவிட்டுச் சென்றோரும் ஆகிய இருவகை ‘இல்லாதோரும்’ சேர்ந்து நடத்தும் சமூகம் என்று ஹோ இதனை விளக்கும் இடம், நூலின் மிகச் சிறந்த பகுதி என்று நாம் மதிக்கிறோம்.

அஹ்மதாபாத்தில் பிறந்து அங்கேயே 1628இல் மறைந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் எழுதிய ‘அந்நூருஸ் ஸாஃபிர்’ பற்றிய ஆய்வும் குறிப்பிடத்தக்கது. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டை ஆண்டுவாரியாக அடுக்கி, அந்தந்த ஆண்டில் மறைந்தோரின் வரலாற்றைத் தரும் நூல் அது. இறப்பு ஆண்டே அதன் முதுகெலும்பு. ஹிஜ்ரி 681இல் மறைந்த இப்னு கல்லிகான் தமது ‘வஃபயாத்’ நூலில், இறந்த தேதியை அறிய முடிந்தவர்களையே சேர்ப்பது என்று விதி வகுத்துக்கொண்டார். மனிதர் பிறக்கும்போது அவர் யார் ஆவார் என்பதை எவரும் அறியார். இறக்கும்போதோ ஊரே அறியும். ஆகவே நமது வரலாற்றாசிரியர்கள் வஃபாத்தைப் பிடித்துக்கொண்டனர். இன்று தாத்தாவின் பிறந்த ஆண்டைத் தேடிச் சோர்ந்து போகும் பலர், கத்தம் ஓதும் நாளைக் கேட்டால் இறந்த பிறையையும் மாதத்தையும் வீட்டார் தவறாமல் சொல்வதைக் காணலாம்.

இத்தனை சிறப்புகளுக்கும் இடையே இந்நூலிடம் நமக்கு இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, எழுதுகோல் எவரிடம் இருந்ததோ அவரது கப்றே நூலில் பேசுகிறது. தரீமில் உழவர், கைவினைஞர், அடிமைகளாக வந்தோர் ஆகியோரும் அடங்கியுள்ளனர். அவர்களுக்கு வம்சாவளி நூல் எழுதப்படவில்லை. ஆகவே ஹோவின் பக்கங்களில் அவர்கள் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கின்றனர். இரண்டாவது, பெண்கள். ஸாதாத் ஆண்கள் சென்ற கரைகளிலெல்லாம் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். தம் பெண்மக்களையோ குஃபுவைக் காட்டி ஸாதாத்துகளுக்கே மணமுடித்தனர். இந்த ஏற்பாட்டை ஹோ கூர்மையாக விளக்குகிறார் என்பது உண்மை. ஆனால் விளக்கப்படுவது ஏற்பாடேயன்றி அப்பெண்களின் நினைவன்று. மலாய் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் பிள்ளைகளுக்குத் தந்தையின் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர், அந்த ஊரைக் கண்ணால் பாராத தாய்தானே? அந்தக் குரலை நூலில் தேடினோம். போதுமான அளவு கேட்கவில்லை.

எழுத்து நிறைந்திருந்தால் ஐயம் தீர்ந்துவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு முதல் இந்தோனேசியாவில் இதே அலவி வம்சாவளியின் ஆரம்பகட்டத் தொடர்ச்சி பற்றிக் கடுமையான விவாதம் எழுந்தது. முற்காலத்து நூல்களில் ஒரு பெயர் காணப்படாமையை ஒரு சாரார் வாதமாக வைத்தனர். மறுசாரார் வழிவழியாக வந்த ஏற்பும் புகழும் நசபை நிறுவப் போதுமான ஆதாரம் என்றனர். மரபணுச் சோதனையும் வாதத்துக்குள் இழுக்கப்பட்டது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் வம்சம் என்பது மனத்தின் கருதுகோள், அதன் பயன் அது உண்டாக்கும் இணைப்பில்தான் உள்ளது என்ற கருத்தை முன்வைத்தார். இணைப்புக்காக ஏற்பட்டது பிளவுக்குக் கருவியாகும்போது, தகாஸுரின் எச்சரிக்கை மீண்டும் நம் செவியில் ஒலிக்கிறது.

வேர்களைத் தேடியவர்

தரீமில் கப்றுகள் நிறைந்திருந்தன. அலெக்ஸ் ஹேலிக்கோ கப்று ஒன்றுகூட இல்லை. அடிமையாக்கப்பட்டோருக்குப் பெயர் மாற்றப்பட்டது. அடக்கப்பட்ட இடம் குறிக்கப்படவில்லை. டென்னஸி மாநிலத்து ஹென்னிங் என்ற சிற்றூரில் பாட்டியும் பெரிய பாட்டிமாரும் திண்ணையில் அமர்ந்து சொன்ன சில சொற்களே அவர் கைவசம் இருந்தன. ‘கின்டே’ என்ற பெயர், ‘கோ’ என்ற இசைக்கருவி, ‘காம்பி போலோங்கோ’ என்ற ஆறு. இவை மாண்டிங்கா மொழிச் சொற்கள் என்று அறிஞர் யான் வான்சினா வழிகாட்ட, ஹேலி 1967இல் காம்பியா ஆற்றங்கரையின் ஜுஃபுரே கிராமத்தை அடைந்தார். அங்கே முதியவர் ஒருவர் கின்டே குலவரலாற்றை ஒப்பித்து, குன்டா என்ற இளைஞர் மரம் வெட்டச் சென்று திரும்பவில்லை என்றார். 1767 செப்டம்பர் 29இல் அனாபொலிஸ் துறைமுகம் சேர்ந்த ‘லார்ட் லிகோனியர்’ என்ற கப்பலோடு ஹேலி இதனைப் பொருத்தினார்.

இந்நூல் செய்த நன்மை பெரிது. குர்ஆன் ஓதக் கற்ற, ஐவேளை தொழுத ஒரு முஸ்லிம் இளைஞரை அமெரிக்க வரலாற்றின் வாசலில் அது நிறுத்தியது. பொருளாக எண்ணப்பட்டோரும் வம்சமுடையோரே என்று கோடிக்கணக்கானோரை உணரச் செய்தது. கறுப்பின மக்களிடையே முன்னோரைத் தேடும் முயற்சி அதன்பின் பெருகியது.

ஆனால் சான்று என்ற அளவில் நூல் தளர்ந்துவிட்டது. ஹேலி எதைக் கேட்க வந்திருக்கிறார் என்பது காம்பியாவில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கதை சொன்னவர் மரபுவழிப் பயிற்சி பெற்ற குலவரலாற்றாளர் அல்லர் என்று 1977இல் இதழாளர் மார்க் ஆட்டவே எழுதினார். 1981இல் வரலாற்றாசிரியர் டொனால்ட் ரைட்டும் அதனை உறுதிப்படுத்தினார். அதே ஆண்டு கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் தம்பதியர் வர்ஜீனியா ஆவணங்களை ஆராய்ந்து, குன்டா என்று ஹேலி அடையாளங்கண்ட டோபி 1767க்கு முன்பே அங்குப் பதிவாகியுள்ளதைக் காட்டினர். ஹெரால்ட் கூர்லாண்டரின் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கும் 1978இல் பணம் கொடுத்துச் சமரசமாக முடிந்தது.

ஹதீஸ் கலை அறிந்தவருக்கு இதில் புதுமை எதுவுமில்லை. அறிவிப்பாளர்கள் பொய்யைக் கையாண்டபோது தாம் தேதிகளைக் கையாண்டதாக சுஃப்யான் அஸ்ஸவ்ரீ கூறியதாகச் சொல்லப்படுகிறது. மில்ஸ் தம்பதியர் செய்ததும் அதுவே. அறிவிப்பாளர் யாரிடம் கேட்டார், கேட்கும் தகுதி அவருக்கு இருந்ததா, கேட்பவர் விரும்பியதைச் சொல்லும் இயல்புடையவரா என்ற வினாக்கள் நம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தவை. ஹேலியின் பாட்டிமார் உண்மையானவர்கள். ஜுஃபுரேயில் கேட்டதோ பலவீனமானது. வலுவான சங்கிலியில் பலவீனமான கண்ணி ஒன்றைக் கோத்ததே அவரது தவறு. பாட்டியின் மூன்று சொற்களோடு நின்று, மேலே அறிய வழியில்லை என்று எழுதியிருந்தாலும் நூல் குறைந்துபோயிராது. கூடுதல் கண்ணியம் பெற்றிருக்கும்.

சபெலோ தீவின் சாட்சி

நினைவும் ஆவணமும் ஒன்றையொன்று உண்மைப்படுத்தும் நிலைக்கு ஜார்ஜியா மாநிலத்தின் சபெலோ தீவு உதாரணம். அங்கே தாமஸ் ஸ்பால்டிங் என்பவரின் தோட்டத்தில் அடிமைகளை மேற்பார்த்தவர் பிலாலி. அவரது கையெழுத்தில் அரபுச் சுவடி ஒன்று எஞ்சியிருந்தது. அது நாட்குறிப்பு என்று பலகாலம் நம்பப்பட்டது. 1940இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க், கானோ நகர ஆலிம்களின் துணையோடு அதனைப் படித்து, மாலிக் மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய இப்னு அபீ ஸைத் அல்கைரவானீயின் ‘ரிஸாலா’விலிருந்து எடுத்த பகுதிகள் அதில் இருப்பதை வெளியிட்டார்.

அதே 1940இல் ஜார்ஜியா எழுத்தாளர் திட்டத்தின் ‘டிரம்ஸ் அண்ட் ஷாடோஸ்’ என்ற நூலும் வெளிவந்தது. பிலாலியின் வழித்தோன்றல்களாகிய முதியவர்கள் அதில் தம் நினைவுகளைச் சொன்னார்கள். மூதாதையர் தஸ்பீஹ் மணி உருட்டியதும், குறித்த நேரங்களில் தொழுததும், பாட்டி ஆண்டுக்கொருமுறை அரிசி மாவில் ‘சரகா’ என்ற பலகாரம் செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் அதில் பதிவாயின. சரகா என்பது ‘ஸதகா’ என்ற சொல்லே. சொன்னவர்களுக்கு அதன் பொருள் தெரியாது. அதனாலேயே அந்தச் சாட்சி நம்பத்தக்கது. அறியாமல் சுமந்துவந்த அமானிதம் அது. வம்சப் பெருமை எதுவும் அதில் கலக்கவில்லை. ஒரு தலைமுறைக்குத் தொழுகை மறந்தது. அடுத்த தலைமுறைக்குச் சொல்லின் பொருள் மறந்தது. தர்மத்தின் பலகாரம் மட்டும் மறக்கவில்லை.

நம் கரைகளில்

இந்த மூன்று உதாரணங்களும் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு உணர்த்துவது யாது? மையித்து முற்றிலும் மண்ணாகிவிட்டபின் அவ்விடத்திலேயே மற்றொருவரை அடக்கலாம் என்பது ஃபிக்ஹு தீர்ப்பு. எனவே நம் மையவாடிகளில் ஒரு கப்று எத்தனையோ பேரைத் தாங்கியது. கடல் கடந்து சென்றோரின் கப்றுகளுக்கோ வேறுவகை முடிவு நேர்ந்தது. சிங்கப்பூரின் பிடாடாரி மையவாடியிலிருந்து 2001 முதல் 2006 வரை முஸ்லிம், கிறிஸ்தவக் கப்றுகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை தோண்டியெடுக்கப்பட்டன. அந்நாட்டில் 1998இல் அறிவிக்கப்பட்ட கொள்கை, அடக்கக் காலத்தைப் பதினைந்து ஆண்டுகளாக வரையறுத்தது. கல் மாறாது என்று தொடக்கத்தில் சொன்னோம். கல்லையே அகற்றிவிட்டால் எஞ்சுவது ஏடும் நினைவும்தான்.

நம்மிடம் ஏடுகள் இல்லாமலில்லை. ஜமாஅத்துகளின் நிக்காஹ் தப்தர்கள், வக்ஃபு சாசனங்கள், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் குறிப்புகள் எல்லாம் வம்சாவளிக்கு நேர்ச்சான்றுகள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது என்பதே நமது உடனடிக் கவலை. பாட்டி எழுதிவைத்த ஏட்டைப் பேத்தி ‘ஓதும் கிதாபு’ என்று எண்ணி முத்தமிட்டு மூடிவைப்பதும், கரையானுக்கு விட்டுவிடுவதும், விளைவில் ஒன்றே.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வாழச் செல்வதும், வீடு பெண்வழியில் இறங்குவதும் நெடுங்கால வழக்கம். ஆகவே இங்கு ஒரு வீட்டின் நான்கு தலைமுறை வரலாற்றைத் தடையின்றிச் சொல்லத்தக்கவர்கள் பெண்களே. மீசான் கல்லும் குடும்பப் பட்டப்பெயரும் ஆண்வழியைச் சொல்ல, வீடு பெண்வழியைச் சொல்கிறது. தரீமைப் பற்றிய நூலில் நாம் தேடிக் காணாத குரல் நம் வீட்டு முற்றத்தில் இன்னும் ஒலிக்கிறது. வம்சாவளி தொகுக்கும் நம்மவர்களோ ஆண்களின் பெயர்களை மட்டும் அம்புக்குறியிட்டு அடுக்கி, பெண்களை ‘மனைவி’, ‘மகள்’ என்ற சொற்களோடு விட்டுவிடுகின்றனர். அத்தகைய பட்டியல் பாதி உண்மையே.

தொகுப்போர் செய்யத்தக்கவை எளியவை. சொன்னவர் பெயரையும் அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் எழுத வேண்டும். கேள்வியிலேயே விடையை வைத்துக் கேட்கலாகாது. ஹிஜ்ரித் தேதியைச் சொன்னபடியே குறித்து, ஆங்கிலத் தேதியைத் தனியாகக் கணக்கிட வேண்டும். தப்தரும் நினைவும் முரண்பட்டால் இரண்டையும் பதிய வேண்டும். ஒன்றை மறைத்து மற்றதைச் சீராக்கலாகாது. அரபு நாட்டு வேரை எப்படியேனும் நிறுவிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் கலிமா சொல்லி முஸ்லிமான பாட்டனும் கண்ணியமான பாட்டனே.

ஹோவின் நூல், எழுத்துடையோரின் கப்றுகளை எப்படிப் படிப்பது என்று கற்பிக்கிறது. ஹேலியின் நூல், எழுத்தற்றோரின் நினைவு எவ்வளவு அரியது என்பதையும், ஆசை கலந்தால் அது எவ்வளவு எளிதில் கெடும் என்பதையும் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போருக்கே முழுப் பயன் கிட்டும். மண்ணறைக்குச் சென்று எண்ணிப் பெருமையடித்தவர்களின் வழியும் நம்முன் உள்ளது. உறவை நினைந்து கல்லைத் தம் கைகளால் சுமந்துவந்த நபியவர்களின் வழியும் உள்ளது. முன்னோரைத் தேடும் ஒவ்வொருவரும் எந்த வழியில் நடக்கிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்வது கடமை.